முன்மேசைக் கணினிக்கு மறக்கக் கற்றுக்கொடுத்தது

திருச்சி தில்லைநகரில் என் அக்கா ஒரு சிறிய ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறார். உள்ளறையில் எல்லோரும் சர்வர் என்று அழைக்கும் ஒரு டெஸ்க்டாப் இருக்கிறது. வாடிக்கையாளர்களின் கோப்புகள் எல்லாம் அதில்தான். வெளியே நான்கு கணினிகள்: முன்மேசையில் ஒன்று, சி.ஏ. படிப்புக்கான ஆர்ட்டிகிள் பயிற்சியில் இருக்கும் பையன்கள் உட்காரும் இரண்டு, ஸ்கேன் எடுப்பதற்கென்று ஒரு பழைய லேப்டாப். எல்லாப் பயனர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் எதுவும் இல்லை, ஒவ்வொரு கணினியும் தன் கணக்குகளைத் தானே வைத்துக்கொள்ளும் வெறும் ஒர்க்குரூப். இரண்டு வருடத்துக்கு முன்பு இந்த ஏற்பாட்டைச் செய்தது நான்தான். சர்வரில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர், ஒவ்வொரு ஃபோல்டருக்கும் யார் திறக்கலாம் என்ற அனுமதி, எல்லாம் முறையாகப் போட்டிருந்தேன்.

ஜூலை மாதம், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நெருக்கடி. ஒரு நாள் மாலை ஆர்ட்டிகிள் பையன் ஒருவன் அக்காவிடம் வந்து, "மேடம், இது நான் பார்க்கக் கூடாத ஃபோல்டர்னு நினைக்கிறேன். பாஸ்வேர்டே கேட்காம திறந்துடுச்சு" என்று சொல்லியிருக்கிறான். அது அக்கா மட்டும் திறக்க வேண்டிய ஃபோல்டர். ஊழியர்களின் சம்பள விவரமும், ஒரு வாடிக்கையாளர் குடும்பத்தின் பாகப்பிரிவினைக் காகிதங்களும் அதில் இருந்தன. அந்தப் பையன் மூடிவிட்டு நேராக வந்து சொன்னது பெரிய விஷயம். சொல்லாமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரியவே வந்திருக்காது. சர்வரைப் பொறுத்தவரை அந்த ஃபோல்டரைத் திறந்தது அக்காதான்.

அன்று இரவே அக்கா போன் செய்தார். "தம்பி, இதை இப்படியே விட முடியாதுடா. ஞாயிற்றுக்கிழமை வா." போனேன். ஒரே நாளில் முடியவில்லை, மூன்று ஞாயிறுகள் ஆயின. இதேபோல் பொதுக் கணினி வைத்திருக்கும் சிறு அலுவலகங்கள் ஏராளம் என்பதால், கணினிகள் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்காமல் இருக்க நான் செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதல் ஞாயிறு, முதல் வேலை: முன்மேசைக் கணினி எதையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறது என்று பார்ப்பது. கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் என்று ஒன்று உண்டு, சேமித்த பயனர் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் இருக்கும் இடம். ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தட்டினாலே வரும். உள்ளே இரண்டு பிரிவுகள். வெப் கிரெடென்ஷியல்ஸ் என்பது இணையதளங்களுக்கானது. நமக்கு வேண்டியது விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ். அதில் ஒவ்வொரு பதிவையும் விரித்தால் எந்த முகவரிக்கு, எந்தப் பயனர் பெயர் என்று காட்டும்.

முன்மேசையில் நான்கு பதிவுகள் இருந்தன. சர்வரின் பெயரில் ஒன்று. அதில் இருந்த பயனர் பெயர் முன்மேசைக்கென்று நான் கொடுத்தது, அது சரி. அடுத்தது சர்வரின் ஐபி எண்ணில், அதாவது 192.168.1.10 என்ற முகவரியில். அதில் இருந்தது அக்காவின் பயனர் பெயர்! மூன்றாவது, எப்போதோ தூக்கிப்போட்ட ஒரு பழைய சேமிப்புப் பெட்டியுடையது. நான்காவது ரிமோட் டெஸ்க்டாப் (வேறொரு கணினியின் திரையை இங்கிருந்தே இயக்கும் வசதி) வழியாகச் சர்வருக்குள் நுழைவதற்கானது, அதிலும் அக்காவின் பெயர்.

ஒரே சர்வருக்கு இரண்டு பெயரில் பதிவு எப்படி வந்தது என்று யோசித்தபோது ஒரு பழைய போன் உரையாடல் ஞாபகம் வந்தது. விண்டோஸ் ஒரு பயனரின் அமர்வில் ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு பயனர் பெயர்களில் போக விடாது. 1219 என்ற பிழை எண் காட்டும். முன்மேசைப் பெயரில் சர்வர் ஏற்கெனவே திறந்திருக்கும்போது அக்கா அங்கே உட்கார்ந்து தன் ஃபோல்டரைத் திறக்கப் பார்த்திருக்கிறார், 1219 வந்திருக்கிறது, எனக்குப் போன் செய்தார். நான் அவசரத்தில், "பெயருக்குப் பதில் ஐபி எண்ணைப் போட்டுப் பாருங்க" என்று சொன்னேன். பெயரையும் எண்ணையும் விண்டோஸ் இரண்டு தனித்தனிச் சர்வர்களாகவே கருதும், அதனால் அது வேலை செய்தது. அக்கா தன் பாஸ்வேர்டைத் தட்டி, கீழே இருந்த "ரிமெம்பர் மை கிரெடென்ஷியல்ஸ்" பெட்டியில் டிக்கும் போட்டிருக்கிறார். அடிக்கடி வேண்டுமே என்று டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட்டும் வைத்திருக்கிறார். பையன் கிளிக் செய்தது அந்த ஷார்ட்கட்டைத்தான்.

ஆக, சர்வரில் நான் போட்ட அனுமதிகளில் ஓட்டை எதுவும் இல்லை. அக்காவின் சாவி முன்மேசையிலேயே கிடந்திருக்கிறது, அதற்கு வழி சொன்னவன் நான். இதை அக்காவிடமும் அந்தப் பையனிடமும் அன்றே சொல்லிவிட்டேன். அவன் ஏதோ தப்பு செய்துவிட்டதாகப் பயந்துகொண்டிருந்தான்.

இங்கே பலரும் தவறாக நினைக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதி கடவுச்சொல்லை யாருக்கும் எழுத்தாகக் காட்டாது. வெறும் புள்ளிகள்தான் தெரியும். வட்டில் அது மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் இருக்கிறது, அந்தப் பயனரின் விண்டோஸ் லாகினோடு பிணைக்கப்பட்ட சாவியால். அதனால் பாதுகாப்பானது என்று தோன்றும். கணினி ஒரே ஆளுடையது என்றால் அது ஓரளவு உண்மைதான். ஆனால் முன்மேசையில் நான்கு பேர் ஒரே விண்டோஸ் கணக்கில் மாறிமாறி உட்காருகிறார்கள். அவர்களில் யாருக்கும் அக்காவின் கடவுச்சொல் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கணினியே அவர்கள் சார்பில் அதைச் சர்வரிடம் கொடுத்துவிடும்.

நான்கு பதிவுகளையும் ரிமூவ் கொடுத்து அழித்தேன், ஷார்ட்கட்டையும் அழித்தேன். கமாண்ட் பிராம்ப்டில் சிஎம்டிகீ என்ற கட்டளைக்கு லிஸ்ட் என்ற சுவிட்சைச் சேர்த்து ஓட்டினால் இதே பட்டியல் எழுத்தாக வரும். அழித்த பிறகு அதிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன். அக்காவின் சர்வர் கடவுச்சொல்லையும் மாற்றினோம். சரி, முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

புதன்கிழமை அக்கா மறுபடியும் போன் செய்தார். முன்மேசையில் பட்டியலில் இரண்டு பதிவுகள் திரும்ப வந்திருந்தன. அவசரத்தில் யாரோ டிக் போட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாளைக்குப் பத்து முறை பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியில், "இனிமேல் கேட்க மாட்டேன்" என்று ஒரு கட்டமும் இருந்தால் மனிதக் கை அங்கேதான் போகும். வாரா வாரம் துடைத்துக்கொண்டிருப்பது வேலைக்கு ஆகாது, சேமிக்கவே விடாமல் செய்ய வேண்டும்.

அதற்கு விண்டோஸிலேயே ஒரு பாலிசி, அதாவது கணினி முழுவதற்குமான ஒரு விதி, இருக்கிறது. ப்ரோ பதிப்பு என்றால் லோக்கல் செக்யூரிட்டி பாலிசி என்ற சாளரத்தைத் திறந்து, லோக்கல் பாலிசீஸ், அதற்குள் செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ். வலது பக்கம் நீளமான பட்டியல் வரும். "நெட்வொர்க் ஆக்சஸ்" என்று தொடங்கும் வரிசையில், "டு நாட் அலவ் ஸ்டோரேஜ் ஆஃப் பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கிரெடென்ஷியல்ஸ் ஃபார் நெட்வொர்க் ஆதென்டிகேஷன்" என்று ஒன்று இருக்கும். இயல்பாக அது டிசேபிள்டு நிலையில் இருக்கும், எனேபிள்டு ஆக்க வேண்டும். "சேமிக்க அனுமதிக்காதே" என்பதை எனேபிள் செய்கிறோம் என்பதைக் கவனியுங்கள். அவசரத்தில் தலைகீழாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. அப்புறம் ரீஸ்டார்ட்.

ஆர்ட்டிகிள் மேசைகள் இரண்டிலும் ப்ரோ பதிப்பு, எளிதாக முடிந்தது. முன்மேசையிலும் லேப்டாப்பிலும் ஹோம் பதிப்பு. ஹோம் பதிப்பில் இந்தச் சாளரமே கிடையாது. ஆனால் அந்தப் பாலிசி கடைசியில் எழுதுவது, விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், ஒரே ஒரு எண்ணைத்தான். அதை நாமே எழுதலாம். ரெஜிஸ்ட்ரி எடிட்டரை நிர்வாகி அனுமதியோடு திறந்து ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், எல்எஸ்ஏ என்று வரிசையாக உள்ளே போக வேண்டும். தொடுவதற்கு முன் அந்த எல்எஸ்ஏ கிளையை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து ஒரு பென்டிரைவில் வைத்துக்கொண்டேன். விண்டோஸ் லாகினையே கவனித்துக்கொள்ளும் பகுதி அது, அங்கே கை தவறினால் உள்ளே நுழையவே முடியாமல் போகலாம்.

அந்தக் கிளையில் டிசேபிள் டொமைன் க்ரெட்ஸ் என்ற பெயரில் 32 பிட் டிவேர்டு மதிப்பு ஒன்று இருக்கும். இல்லையென்றால் புதிதாக உருவாக்க வேண்டும். மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுத வேண்டும். க்ரெட்ஸ் என்பது கிரெடென்ஷியல்ஸ் என்பதன் சுருக்கம், முதல் நான்கு எழுத்தும் கடைசி எஸ்ஸும். மதிப்பு 0 என்றால் சேமிக்கும், 1 என்றால் சேமிக்காது. 1 போட்டு ரீஸ்டார்ட் செய்தேன். டொமைன் என்று பெயரில் இருந்தாலும் டொமைன் இல்லாத எங்கள் ஒர்க்குரூப்பிலும் இதே எண்தான் வேலை செய்கிறது. பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் மறுபடி 0 ஆக்கி ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

வரிசை முக்கியம்: முதலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் துடைத்துவிட்டு, அப்புறம் இந்தப் பூட்டைப் போடுங்கள். நான்கு கணினிகளிலும் நான் அப்படித்தான் செய்தேன்.

இரண்டாவது ஞாயிறு இதை முடித்துவிட்டு முன்மேசையில் சோதித்தேன். சர்வரைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்டது. நல்லது. ஆனால் டிக் போடும் கட்டம் அப்படியே இருந்தது. அதில் வேண்டுமென்றே டிக் போட்டு, சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தேன். "எ ஸ்பெசிஃபைடு லாகன் செஷன் டஸ் நாட் எக்ஸிஸ்ட்" என்று ஒரு செய்தி வந்தது. குறிப்பிட்ட லாகின் அமர்வு இல்லை என்று அர்த்தம். டிக்கை எடுத்துவிட்டு அதே பாஸ்வேர்டைக் கொடுத்தால் திறக்கிறது. அதாவது பாலிசி வேலை செய்கிறது, ஆனால் விண்டோஸ் சொல்லும் காரணம் முற்றிலும் பொருத்தமில்லாதது. "சேமிக்க அனுமதி இல்லை" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் எத்தனை பேருக்கு நேரம் மிச்சமாகியிருக்கும். அந்தச் செய்தியைப் பார்க்கும் ஊழியர் பாஸ்வேர்டு தவறு என்றோ சர்வர் பழுது என்றோதான் நினைப்பார். அதனால் ஒவ்வொரு மானிட்டரின் கீழும் ஒரு சிறு சீட்டு ஒட்டினேன்: "டிக் போடாமல் பாஸ்வேர்டு மட்டும் கொடுக்கவும். லாகன் செஷன் என்று வந்தால் டிக்கை எடுக்கவும்."

அடுத்து ஆர்ட்டிகிள் மேசைகள். முதல் மேசை பாஸ்வேர்டு கேட்டது. இரண்டாவது மேசை கேட்கவே இல்லை. பட்டியல் காலி, பாலிசி எனேபிள்டு, ரீஸ்டார்ட்டும் செய்தாகிவிட்டது, ஆனாலும் சர்வர் நேராகத் திறக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் போனது. பாலிசியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், ரெஜிஸ்ட்ரியில் எண் 1 என்றுதான் இருந்தது.

காரணம் வேறு இடத்தில் இருந்தது. ஒரு நெட்வொர்க் ஷேரை, அதாவது வேறொரு கணினி பகிர்ந்திருக்கும் ஃபோல்டரை, திறக்கும்போது விண்டோஸ் முதலில் நீங்கள் இப்போது லாகின் செய்திருக்கும் பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்தே சர்வரைத் தட்டிப் பார்க்கும். அது மறுக்கப்பட்டால்தான் நம்மிடம் கேட்கும். இரண்டாவது மேசையின் விண்டோஸ் கணக்கும் சர்வரில் இருந்த பயனர் கணக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். முன்பு வசதிக்காக அப்படி வைத்தேன். அங்கே எதுவும் சேமிக்கப்படவே இல்லை, லாகின் செய்தவரின் அடையாளமே போதுமானதாக இருந்தது. இதை எந்தப் பாலிசியும் தடுக்காது, தடுக்கவும் கூடாது. ஒருவருக்கு ஒரு கணினி என்று இருந்தால் இதுதான் சரியான முறை.

ஆனால் அந்த மேசையில் காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் உட்காருகிறார்கள். அதனால் இரண்டு பேருக்கும் தனித்தனி விண்டோஸ் கணக்கு போட்டேன், இரண்டும் ஸ்டாண்டர்டு கணக்குகள், நிர்வாகி அனுமதி இல்லாதவை. அவரவர் பெயரையும் கடவுச்சொல்லையும் சர்வரில் உள்ளது போலவே வைத்தேன். இப்போது அவரவர் லாகின் செய்தால் அவரவர் ஃபோல்டர் மட்டும் கேள்வி கேட்காமல் திறக்கும். எங்கும் எதுவும் சேமிக்கத் தேவையில்லை. இந்த முழு வேலையிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். முன்மேசையிலும் இப்படியே செய்திருக்கலாம், ஆனால் தொலைபேசி, பில், வரும் ஆள் என்று நிமிடத்துக்கு ஒருவர் மாறும் இடம் அது. அங்கே ஒரே கணக்குதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்று அக்கா சொன்னார், ஒப்புக்கொண்டேன்.

முன்மேசையில் இன்னொரு சிக்கல் இருந்தது. சேமிக்காவிட்டாலும், ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்துத் திறந்த இணைப்பு அந்த அமர்வு முடியும்வரை உயிரோடு இருக்கும். ஃபோல்டர் சாளரத்தை மூடினால் மட்டும் போதாது. அடுத்து உட்காருபவர் அதே முகவரிக்குப் போனால் கேள்வி இல்லாமல் திறக்கும். சைன் அவுட் செய்தால்தான் அறும். இதற்கு டெஸ்க்டாப்பில் "வேலை முடிந்தது" என்று ஒரு ஐகான் வைத்தேன். உள்ளே ஒரு சின்ன பேட்ச் கோப்பு: முதலில் நெட் யூஸ் கட்டளையால் எல்லா இணைப்புகளையும் அறுக்கும், பிறகு சைன் அவுட் செய்யும். அக்கா முன்மேசையில் தன் ஃபோல்டரைத் திறக்கவே கூடாது என்றும் முடிவு செய்தோம். அவசரமென்றால் தன் லேப்டாப்பிலேயே திறப்பார்.

சர்வர் ஃபோல்டரை இசட் டிரைவ் என்ற தனி டிரைவ் போலத் தெரியும்படி மேப் செய்து வைத்திருந்ததும் தொல்லை கொடுத்தது. "ரீகனெக்ட் அட் சைன்-இன்" என்று டிக் போட்ட டிரைவ், சேமித்த கடவுச்சொல் இல்லாததால் ஒவ்வொரு காலையும் சிவப்புப் பெருக்கல் குறியோடு நின்றது. மேப்பிங்கை எடுத்துவிட்டுச் சர்வரின் பெயரில் ஷார்ட்கட் மட்டும் வைத்தேன். ஐபி எண்ணில் எந்த ஷார்ட்கட்டும் இனி இல்லை.

ரிமோட் டெஸ்க்டாப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டியிருந்தது. அதற்கென்று ஒரு பாலிசி உண்டு: குரூப் பாலிசி எடிட்டரில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனென்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் கிளையன்ட். அங்கே "டு நாட் அலவ் பாஸ்வேர்ட்ஸ் டு பி சேவ்டு" என்பதை எனேபிள் செய்தால் அந்தச் சேமிக்கும் கட்டமே செயலிழந்துவிடும். முன்மேசையிலிருந்து சர்வருக்குள் ரிமோட்டாக நுழைய யாருக்கும் தேவை இல்லை என்று விசாரித்ததில் தெரிந்தது. சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப் பயனர் பட்டியலிலிருந்தே மற்றவர்களை எடுத்துவிட்டேன். அதுவே நல்ல தீர்வு.

பிரவுசர் என்று வரும்போது ஆடிட்டர் அலுவலகத்தின் நிலைமை இன்னும் கவலைக்குரியது. வருமான வரித் தளம், ஜிஎஸ்டி தளம் இரண்டிலும் வாடிக்கையாளர்களின் கணக்குகள், அவற்றின் கடவுச்சொற்கள், எல்லாம் குரோமில் வரிசையாகச் சேமித்துக் கிடந்தன. இவை நம்முடைய ரகசியங்கள்கூட இல்லை, நம்மை நம்பிக் கொடுத்தவர்களுடையவை. குரோமுக்கும் எட்ஜுக்கும் ரெஜிஸ்ட்ரியின் பாலிசீஸ் கிளையில் பாஸ்வேர்டு மேனேஜர் எனேபிள்டு என்ற மதிப்பை 0 ஆக்கினால் புதிதாகச் சேமிப்பது நின்றுவிடும். ஆனால் குரோமில் ஏற்கெனவே சேமித்தவை அப்படியே இருக்கும், தானாக நிரப்பிக்கொண்டும் இருக்கும். அவற்றைத் தனியாக அழிக்க வேண்டும். அழிப்பதற்கு முன் அவை எல்லாவற்றையும் கீபாஸ் எக்ஸ்சி என்ற கடவுச்சொல் பெட்டகத்துக்கு மாற்றினோம். அது இலவசம், திறந்த மூல மென்பொருள், பெட்டகக் கோப்பு நம் சர்வரிலேயே இருக்கும். அதற்கு முன்பு ஒரு எக்செல் தாளும் இருந்தது, அதையும் அழித்தாயிற்று.

வைஃபை விஷயத்தில் விண்டோஸ் கைகொடுக்கவில்லை. வீட்டுப் பாணியில் ஒரே கடவுச்சொல் உள்ள வைஃபைக்கு "சேமிக்காதே, ஒவ்வொரு முறையும் கேள்" என்று சொல்ல அதில் வழி இல்லை. இணைந்த உடனே ஒரு புரொஃபைல் உருவாகிவிடும். நிர்வாகி அனுமதி உள்ளவர் நெட்எஸ்ஹெச் கட்டளையில் கீ ஈக்வல்ஸ் கிளியர் என்று சேர்த்தால் அந்தக் கடவுச்சொல் பச்சையாகத் திரையில் தெரியும். என் சொந்த லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் வைத்திருக்கிறேன். அதில் வைஃபை அமைப்பில் கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் சின்னப் படத்தை அழுத்தினால் "ஒவ்வொரு முறையும் கேள்" என்ற தேர்வு இருக்கிறது. நெட்வொர்க் ஃபோல்டர் திறக்கும்போதும் மூன்று வழிகளைக் கேட்கும்: உடனே மறந்துவிடு, லாக் அவுட் வரை நினைவில் வை, எப்போதும் நினைவில் வை. நடுவில் உள்ள அந்த இரண்டாவது வழிதான் அலுவலகங்களுக்கு வேண்டியது. விண்டோஸில் டிக் அல்லது டிக் இல்லை என்று இரண்டே நிலைதான் இருப்பது எனக்கு எப்போதும் குறையாகவே படுகிறது.

எங்கள் தீர்வு: டெஸ்க்டாப்கள் எல்லாவற்றுக்கும் லேன் கேபிள் இழுத்து, வைஃபை புரொஃபைல்களை அழித்தோம். ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் ஒன்று திறந்து கைபேசிகளுக்குக் கொடுத்தோம், அதிலிருந்து சர்வர் தெரியாது. முதன்மை வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டோம்.

இப்போது உடைந்த பகுதிக்கு வருகிறேன். இதைத்தான் முன்பே யாராவது சொல்லியிருந்தால் என்று நினைத்தேன்.

முன்மேசையில்தான் அலுவலகத்தின் சொந்தக் கணக்கு, டேலி என்ற கணக்கு மென்பொருளில், இருக்கிறது. ஒவ்வொரு இரவும் 9 மணிக்கு, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர் அந்தத் தரவு ஃபோல்டரைச் சர்வருக்குப் பிரதி எடுக்கும்படி ஒரு பணி அமைத்திருந்தேன். பாலிசி போட்ட பிறகு சர்வரில் சேரும் ஃபோல்டரின் பாதையை மாற்ற வேண்டி வந்ததால் அந்தப் பணியைத் திறந்து திருத்தினேன். ஓகே அழுத்தியதும் அதே வாக்கியம்: "லாகன் செஷன் இல்லை", கூடவே 80070520 என்ற பிழை எண். கடவுச்சொல் சரி, பயனர் சரி, ஆனால் பணி சேமிக்கவே மாட்டேன் என்றது.

காரணம் தெளிவானது. "பயனர் லாகின் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு" என்ற தேர்வில் அமைத்த பணிக்கு யாரும் இல்லாத நேரத்தில் லாகின் செய்ய கடவுச்சொல் தேவை. டாஸ்க் ஷெட்யூலர் அதைக் கணினியிடம் சேமித்து வைக்கக் கேட்கிறது. நாம் சேமிக்கக் கூடாது என்று பூட்டிவிட்டோம். அதனால் மறுக்கிறது. பூட்டு அதன் வேலையைச் சரியாகவே செய்தது.

மூன்று வழிகளைச் சோதித்தேன். பணியிலேயே "கடவுச்சொல்லைச் சேமிக்காதே" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டால் பணி சேமிக்கும், ஆனால் அது கணினிக்குள் இருப்பதை மட்டுமே தொட முடியும், நெட்வொர்க்குக்குப் போக முடியாது. சர்வருக்குப் பிரதி எடுக்கும் வேலைக்கு அது பயன்படாது. இரண்டாவது, பணியை விண்டோஸின் சொந்தக் கணக்கான சிஸ்டம் கணக்கில் ஓட்டுவது. டொமைன் இல்லாத எங்கள் அமைப்பில் முன்மேசையின் சிஸ்டம் கணக்கைச் சர்வருக்கு யாரென்றே தெரியாது, அனுமதி மறுத்துவிட்டது. மூன்றாவது, "பயனர் லாகின் செய்திருக்கும்போது மட்டும் ஓட்டு". நாங்கள்தான் எல்லோரையும் சைன் அவுட் செய்யச் சொல்லியிருக்கிறோமே, 9 மணிக்கு யார் லாகின் செய்திருப்பார்கள்?

கடைசியில் திசையை மாற்றினேன். முன்மேசை தள்ளுவதற்குப் பதில் சர்வர் இழுக்கட்டும். முன்மேசையில் டேலி தரவு ஃபோல்டரை மட்டும் படிக்கும் அனுமதியோடு ஷேர் செய்தேன், அதற்கென்று ஒரு தனிப் பயனர் கணக்கு, வேறு எதையும் திறக்க முடியாதது. சர்வரில் இந்தப் பாலிசியை நான் போடவில்லை. அது பூட்டிய அறையில் இருக்கிறது, அக்காவும் நானும் தவிர யாரும் அதன் முன் உட்காருவதில்லை. அங்கே டாஸ்க் ஷெட்யூலர் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைச் சேமித்துக்கொண்டு இரவில் வந்து எடுத்துப்போகிறது. யோசித்துப் பார்த்தால் முன்பிருந்ததைவிட இது மேல். முன்பு முன்மேசைக்குச் சர்வரின் பிரதிகள் மீது எழுதும் உரிமை இருந்தது. முன்மேசையில் ஏதாவது நச்சு நிரல் புகுந்திருந்தால் பிரதிகளையும் சேர்த்துக் கெடுத்திருக்கும். இப்போது முன்மேசையால் அந்தப் பிரதிகளைத் தொடவே முடியாது.

இதைச் செய்ய நினைப்பவர்கள் டாஸ்க் ஷெட்யூலரில் கடவுச்சொல் தேவைப்படும் பணி எதுவும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்களுக்கு அந்தப் பிழை பட்டப்பகலில், நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது வந்தது. அதனால் ஒரு நாள் பிரதிகூட விடுபடவில்லை.

இன்னொரு வரம்பையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாலிசி தடுப்பது நெட்வொர்க் லாகின்களுக்கான சேமிப்பை மட்டும். அதே கிரெடென்ஷியல் மேனேஜரில் ஜெனரிக் கிரெடென்ஷியல்ஸ் என்ற இன்னொரு பகுதி இருக்கும். அங்கே ஒவ்வொரு மென்பொருளும் தன் சொந்தப் பதிவுகளை வைத்துக்கொள்ளும், அதை இந்தப் பாலிசி தொடாது. அதில் என்ன இருக்கிறது என்று அவ்வப்போது பார்த்து அந்தந்த மென்பொருளில்தான் சரிசெய்ய வேண்டும்.

முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது. அக்காவே, "ஒரு நாளைக்கு எத்தனை தடவைடா தட்டறது?" என்று கேட்டார். அவருடைய பழைய கடவுச்சொல் குறியீடும் எண்ணுமாக விரலுக்கு வராத ஒன்று. நான்கு சாதாரணச் சொற்களை வரிசையாகக் கோத்து நீளமான ஒன்றாக மாற்றினோம். இப்போது திரையைப் பார்க்காமலே தட்டுகிறார். முன்மேசைக்காரர்கள் காலையில் ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை என்று பழகிவிட்டார்கள்.

போன சனிக்கிழமை போயிருந்தபோது நான்கு கணினிகளிலும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் காலியாகவே இருந்தது. ஸ்கேன் லேப்டாப்பில் மட்டும் இன்னும் விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அதனால் அதை மாற்றச் சொல்லியிருக்கிறேன். புதியது வந்ததும் யாரும் லாகின் செய்வதற்கு முன்பே அந்த 1-ஐப் போட்டுவிடுவதாக ஏற்பாடு. முதன்முதலில் வந்து சொன்ன அந்தப் பையன், தானே செய்கிறேன் அண்ணா என்று கேட்டு, ரெஜிஸ்ட்ரி பாதையைத் தன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.